சதர்ன் சோல்: ஒரே ஒரு 45 தட்டோடு காணாமல் போனவர்களை எங்கே கேட்பது?

ஓடிஸ் ரெட்டிங், அரீத்தா ஃபிராங்க்ளின், அல் கிரீன் எல்லாம் கேட்டாயிற்று. அமெரிக்கத் தென்மாநிலங்களின் சோல் இசையில் அதற்கு மேல் யாரைக் கேட்பது, தொகுப்பு ஆல்பங்களை நம்பலாமா, இல்லை ஒவ்வொரு பாடகரின் அசல் ஆல்பத்தையும் தேடிப் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ராக் இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது சகஜம். அங்கே தொகுப்பு என்றால் ‘சூப்பர் ஹிட்ஸ்’ மூட்டை, விஷயம் தெரிந்தவர் தொடமாட்டார். சதர்ன் சோலில் கதை வேறு. இங்கே தொகுப்புதான் அசல். பெரும்பாலான பாடகர்களுக்குத் தேடிப் போக வேறு ஆல்பமே கிடையாது.

1960களில் மெம்ஃபிஸ், மஸில் ஷோல்ஸ், ஷ்ரீவ்போர்ட், ஜாக்ஸன் மாதிரியான ஊர்களில் ஒரு பாடகர் ஸ்டுடியோவுக்குப் போனால், சில பாட்டுகள் பாடிவிட்டு வருவார், அவ்வளவுதான். நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் ஏழு அங்குலத் தட்டு. ஒரு பக்கம் வானொலிக்கு, மறுபக்கம் இடத்தை நிரப்புவதற்கு. வானொலியில் ஓடி, பார்களில் இருக்கும் ஜூக்பாக்ஸுக்குள் போய், கொஞ்சம் விற்றால் அடுத்த தட்டு. இரண்டு மூன்று ஹிட் கொடுத்த பிறகுதான் எல்.பி., அதாவது முழு ஆல்பத் தட்டு, என்ற பேச்சே வரும். அப்படி வந்த எல்.பி.யிலும் பாதி இடம், அடுத்தவர்களின் ஹிட்களை அவசரமாகப் பாடி நிரப்பியதாக இருக்கும். ஹிட் கிடைக்காதவருடைய தட்டு உள்ளூர் வானொலி எட்டுகிற தூரம்வரை போய், அங்கேயே நின்றுவிடும். கம்பெனி மூடப்படும். டேப்புகள் யாருடைய கிடங்கிலோ கிடக்கும். பாடகர் தேவாலயத்துக்கோ வேறு வேலைக்கோ போய்விடுவார்.

குறுந்தொகையில் ஒரே பாட்டோடு நிற்கும் புலவர்கள் உண்டல்லவா? செம்புலப்பெயனீரார் என்பவரின் இயற்பெயர்கூட நமக்குத் தெரியாது, பாட்டில் வந்த உவமையே அவர் பெயராகிவிட்டது. தொகுத்தவர் எடுத்து வைத்திருக்காவிட்டால் அவர் இல்லை. இந்தப் பாடகர்களின் நிலையும் அதுதான். அதனால் ஒரு தொகுப்பை வாங்கும் முன் யார் பாடியிருக்கிறார்கள் என்று பார்ப்பதைவிட, யார் தொகுத்தார்கள், எதை வைத்துத் தொகுத்தார்கள் என்று பாருங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். மற்றதெல்லாம் இதற்கு உதாரணம்.

ஒருவருடைய காதை மட்டும் நம்பி வாங்க வேண்டுமென்றால் டேவ் காடின் தொகுத்த ‘டீப் சோல் ட்ரெஷர்ஸ்’ வரிசை. இங்கிலாந்தின் ஏஸ் ரெக்கார்ட்ஸ், தன்னுடைய கென்ட் லேபிளில் (கம்பெனியின் துணைப் பெயரில்) 1997-இலிருந்து 2004 வரை நான்கு பாகமாக வெளியிட்டது. பாகத்துக்கு 25 பாட்டு. காடின் லண்டன்காரர், ‘ப்ளூஸ் அண்ட் சோல்’ பத்திரிகையில் பத்தி எழுதியவர். ‘நார்தர்ன் சோல்’, ‘டீப் சோல்’ என்ற இரண்டு பெயர்களையும் புழக்கத்தில் விட்டவர் அவர்தான். பின்னாளில் ஷெஃபீல்டில் நகராட்சித் திரையரங்கு ஒன்றைத் தொடங்க முன்னின்றார். (பெர்ஸி ஸ்லெட்ஜின் புகழ்பெற்ற 1966 பாட்டு பதிவானதும் ஷெஃபீல்டு என்ற ஊரில்தான், ஆனால் அது அலபாமாவில் இருக்கும் ஷெஃபீல்டு.) நான்காவது பாகம் வெளிவந்த அதே 2004-இல் காடின் காலமானார்.

இந்த வரிசை முழுக்கத் தென்மாநிலச் சரக்கு அல்ல. நியூயார்க், சிகாகோ பாட்டுகளும் நிறைய உண்டு. ஆனாலும் முதலில் இதையே சொல்வதற்குக் காரணம், காது பழகுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. காடினுக்கு ஆடவைக்கும் பாட்டில் அக்கறையில்லை. மெதுவான, மனமுடைந்த பாட்டுதான் வேண்டும். ஓர் உட்காரலில் ஒரு பாகம் முழுவதையும் கேட்டால் மூச்சு முட்டும். ஐந்தைந்தாகக் கேளுங்கள்.

அடுத்து ஒரு லேபிளை வைத்துத் தொகுத்தவை. இங்கேதான் விஷயம் கனமாக இருக்கிறது. மெம்ஃபிஸின் கோல்டுவாக்ஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். க்வின்டன் கிளாஞ்ச், ‘டாக்’ ரஸல் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் 1964-இல் தொடங்கியது, பத்தாண்டுகள்கூட நிற்கவில்லை. அதே ஊரில் ஸ்டாக்ஸ் என்ற பெரிய கம்பெனி இருந்ததால் வரலாற்றுப் புத்தகங்களில் அடிக்குறிப்பாகப் போய்விட்டது. ஆனால் குரல் என்று பார்த்தால் ஸ்டாக்ஸிடம் ஓடிஸைத் தவிர ஜேம்ஸ் காருக்கு நிகராக யாரும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

ரூஸ்வெல்ட் ஜேமிஸன் என்றொருவர் மெம்ஃபிஸில் ரத்த வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே, காஸ்பல் (தேவாலயப் பாட்டு) பாடகர்களுக்கு மேனேஜராகவும் இருந்தார். ஒரு நாள் நள்ளிரவு வாக்கில் இரண்டு பாடகர்களைக் கூட்டிக்கொண்டு போய் கிளாஞ்சின் வீட்டுக் கதவைத் தட்டினார். ஒருவர் ஜேம்ஸ் கார், மற்றவர் ஓ.வி. ரைட். ஒரே இரவில் அந்தப் பாணியின் மிகப் பெரிய இரண்டு குரல்கள் வாசலில் வந்து நிற்கின்றன! ரைட் 1964-இல் ஜேமிஸன் எழுதிய ‘தட்ஸ் ஹவ் ஸ்ட்ராங் மை லவ் இஸ்’ பாட்டை கோல்டுவாக்ஸுக்குப் பாடினார். கொஞ்ச நாளிலேயே ஓடிஸ் ரெட்டிங் அதைப் பாட, உலகம் அதை ஓடிஸின் பாட்டாகவே தெரிந்துகொண்டது. அதோடும் விடவில்லை. ரைட் முன்பு காஸ்பல் குழுவில் பாடியபோது தன்னிடம் ஒப்பந்தத்தில் இருந்தவர் என்று ஹூஸ்டனைச் சேர்ந்த ரெக்கார்டு கம்பெனிக்காரர் டான் ரோபி உரிமை கோரினார். ரைட் அவருடைய பேக் பீட் லேபிளுக்குப் போக வேண்டியதாயிற்று. பிறகு மெம்ஃபிஸின் ராயல் ஸ்டுடியோவில் வில்லி மிட்செல் தயாரிப்பில் அவர் பாடிய ‘எய்ட் மென், ஃபோர் விமன்’, ‘எ நிக்கல் அண்ட் எ நெய்ல்’ இரண்டையும் அல் கிரீன் பாட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். அதே ஸ்டுடியோ, அதே தயாரிப்பாளர். கிரீன் கொஞ்சுவார், ரைட் மன்றாடுவார். 1980-இல் இறந்தபோது அவர் கல்லறைக்குக் கல்கூட வைக்கப்படவில்லை. 2008-இல் ரசிகர்கள் பணம் போட்டு வைத்தார்கள்.

ஜேம்ஸ் காரின் கதைக்கு வருவோம். 1966, நாஷ்வில். வானொலி அறிவிப்பாளர்கள் மாநாடு. பாடலாசிரியர்கள் டேன் பென், சிப்ஸ் மோமன் இருவரும் சீட்டாட்டத்தின் நடுவே ஒரு பாட்டு எழுத இடம் தேடினார்கள். கிளாஞ்ச் தன் ஹோட்டல் அறையைக் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு: பாட்டு ஜேம்ஸ் காருக்குத்தான். அரை மணி நேரத்தில் எழுதியது ‘தி டார்க் எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட்’. ஊருக்குத் தெரியாமல் சந்திக்கும் இருவரைப் பற்றிய பாட்டு.

இரண்டரை நிமிடப் பாட்டுதான். முதலில் நடுங்கும் ஒலியோடு கிட்டார். கார் பாட ஆரம்பிக்கும்போது குரலில் அவசரமே இல்லை. யாரோ பக்கத்து அறையில் கேட்டுவிடுவார்கள் என்பதுபோல அடக்கி வாசிப்பார். ஊதுகருவிகளும் பின்னாலேயே நிற்கும். கண்டுபிடித்துவிடுவார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லும் இடத்தில்தான் குரல் மேலே ஏறும். அங்கேகூட அவர் கத்தமாட்டார். காஸ்பல் மேடையில் பழகிய குரல் எவ்வளவு தூரம் போகும் என்பது கேட்கிற நமக்குத் தெரியும், அவ்வளவு தூரம் போகாமல் நிறுத்துகிறார். இதே பாட்டைப் பின்னால் அரீத்தா பாடினார், பெர்ஸி ஸ்லெட்ஜ் பாடினார், கிளாரன்ஸ் கார்ட்டர் பாதியைப் பிரசங்கமாகவே மாற்றினார். வரிசையாகக் கேட்டுப் பாருங்கள், கார் எதையெல்லாம் செய்யவில்லை என்பது புரியும். 1967-இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில், அதாவது கறுப்பின இசைக்கான விற்பனைப் பட்டியலில், பத்தாம் இடம்வரை வந்தது. பாப் பட்டியலில் 77-ஐத் தாண்டவில்லை. கார் வாழ்நாளெல்லாம் மனநோயோடு போராடினார். 1979-இல் ஜப்பான் போனபோது மேடையிலேயே உறைந்து நின்றுவிட்டார். 2001-இல் இறந்தார்.

ஜப்பான்காரர்கள் ஏன் அழைத்தார்கள் என்று தோன்றலாம். 70களில் அமெரிக்காவே இந்தப் பாட்டுகளை மறந்திருந்தபோது, அவற்றை எல்.பி. தொகுப்புகளாகப் போட்டு உயிரோடு வைத்திருந்தது ஜப்பானிலும் இங்கிலாந்திலும் இருந்த சேகரிப்பாளர்கள். இன்று கையில் கிடைக்கும் நல்ல தொகுப்புகள் பலவும் அந்தப் பித்தின் தொடர்ச்சிதான்.

கோல்டுவாக்ஸுக்கு இப்போது ஏஸ் வெளியிட்ட ‘தி கம்ப்ளீட் கோல்டுவாக்ஸ் சிங்கிள்ஸ்’ மூன்று பாகங்கள் உண்டு. ‘முழுமையான’ தொகுப்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முழுமை என்றால் குப்பையும் சேர்ந்துதான். கோல்டுவாக்ஸ் கண்ட்ரி (வெள்ளைக்காரக் கிராமத்து இசை) பாட்டும் போட்டது, ராக் பையன்களையும் பதிவு செய்தது, எது ஓடும் என்று தெரியாமல் எல்லாவற்றிலும் கை வைத்தது. நடுவில் திடீரென்று ஓவேஷன்ஸ் குழுவின் ‘இட்ஸ் ஒன்டர்ஃபுல் டு பி இன் லவ்’ வரும். லூயிஸ் வில்லியம்ஸின் குரல் சாம் குக்கை அப்படியே நினைவுபடுத்தும். அதற்காக நான்கு சுமாரான பாட்டைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் ஜேம்ஸ் காருக்குத் தனித் தொகுப்பு ஒன்று, ஸ்பென்ஸர் விக்கின்ஸின் ‘தி கோல்டுவாக்ஸ் இயர்ஸ்’ ஒன்று, போதும்.

ஸ்பென்ஸர் விக்கின்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு நேரான விடை அவர்தான். மெம்ஃபிஸ்காரர், காரைவிடக் கனமான குரல். 60களில் அவர் பெயரில் அமெரிக்காவில் ஓர் ஆல்பம்கூட வரவில்லை. ‘அப்டைட் குட் வுமன்’ போன்ற சிங்கிள்கள், அதாவது 45 தட்டுகள், மட்டும். 1969-இல் அரீத்தாவின் ‘ஐ நெவர் லவ்டு எ மேன்’ பாட்டை ஆண் குரலுக்கு மாற்றிப் பாடினார். கிட்டார் டுவேன் ஆல்மன். அடுத்த ஆண்டு ஃபேம் ஸ்டுடியோவில் பாடிய ‘ஐ’ட் ராதர் கோ ப்ளைண்ட்’ எட்டா ஜேம்ஸ் பாடியதற்குப் பக்கத்தில் தயங்காமல் வைக்கலாம். ஒன்றும் ஓடவில்லை. ஃபுளோரிடாவுக்குப் போய் காஸ்பல் பாட்டோடு இருந்துவிட்டார். கோல்டுவாக்ஸ் தொகுப்பு 2006-இலும், ஃபேம் பதிவுகள் அடங்கிய ‘ஃபீட் தி ஃப்ளேம்’ 2010-இலும் வந்த பிறகுதான், அவருடைய பாட்டு முழுவதையும் வரிசையாக உட்கார்ந்து கேட்க வழி பிறந்தது.

ஃபேம் என்று சொல்லிவிட்டதால் அலபாமாவின் மஸில் ஷோல்ஸ் பக்கம் போவோம். ரிக் ஹால் நடத்திய ஸ்டுடியோ அது. 1964-இல் ஜிம்மி ஹியூஸின் ‘ஸ்டீல் அவே’ தட்டை யாரும் வெளியிட முன்வராததால், ஹாலும் டேன் பென்னும் காரில் தட்டுகளை ஏற்றிக்கொண்டு தெற்கே ஒவ்வொரு வானொலி நிலையமாகப் போய்க் கொடுத்தார்கள். அது பாப் பட்டியலில் 17-ஆம் இடம்வரை ஏறியது. இங்கே வாசித்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்கார இளைஞர்கள், பாடியவர்கள் கறுப்பினத்தவர்கள். அதுவும் நிறவெறியில் அலபாமா கொதித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில். ஸ்டுடியோவுக்கு வெளியே ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாத நிலை. இதை வைத்து ‘இசைக்கு நிறம் இல்லை’ என்று உருகுபவர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. உரிமையும் பணமும் யாரிடம் போனது என்று பார்த்தால் நிறம் நன்றாகவே தெரியும்.

2011-இல் ஏஸ் வெளியிட்ட ‘தி ஃபேம் ஸ்டுடியோஸ் ஸ்டோரி 1961–1973’ மூன்று சி.டி., 75 பாட்டு. ஒரே ஒரு பெட்டிதான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். ஆர்தர் அலெக்ஸாண்டரிலிருந்து தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே ஸ்டுடியோவின் சத்தம் எப்படி மாறுகிறது என்று கேட்கலாம். டிரம்ஸ் மெல்ல மெல்ல முன்னால் வரும், ஆர்கன் இடம் மாறும். 1969-இல் ரோஜர் ஹாகின்ஸ், டேவிட் ஹுட், ஜிம்மி ஜான்ஸன், பேரி பெக்கெட் நால்வரும் பிரிந்து போய்ச் சொந்த ஸ்டுடியோ வைத்த பிறகு தாளத்தின் நடையே வேறாகிவிடும். தனித்தனி ஆல்பம் கேட்டால் இது பிடிபடாது.

அந்த ஃபேம் கிடங்கு திறந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஜார்ஜ் ஜாக்ஸன். மிஸிஸிப்பிக்காரர், ஃபேமில் சம்பளத்துக்குப் பாட்டு எழுதியவர். ஆஸ்மண்ட்ஸ் குழு பாடி 1971-இல் முதலிடம் பிடித்த ‘ஒன் பேட் ஆப்பிள்’ அவருடையது. பின்னாளில் பாப் சீகர் பாடிய ‘ஓல்ட் டைம் ராக் அண்ட் ரோல்’ எழுதியவர்களில் ஒருவரும் அவர்தான். மற்ற பாடகர்கள் கேட்டுப் பழக வேண்டும் என்பதற்காக மாதிரிக்குப் பாடிப் பதிந்த டேப்புகளை அப்படியே கிடங்கில் போட்டுவிட்டார்கள். நாற்பது ஆண்டு கழித்து 2011-இல் ‘டோன்ட் கவுன்ட் மீ அவுட்’ என்று கென்ட் வெளியிட்டபோது, எழுத்தாளர் என்று நினைத்திருந்தவர் எவ்வளவு நல்ல பாடகர் என்று தெரிந்தது. இன்னும் இரண்டு பாகம் பின்னால் வந்தன. ஜாக்ஸன் 2013-இல் இறந்தார். நல்லவேளை, முதல் பாகத்தையாவது பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் ‘இதுவரை வெளிவராதவை’ என்று அட்டையில் போட்டாலே பாய்ந்து வாங்காதீர்கள். பல சமயம் வெளிவராததற்குக் காரணம் பாட்டு நன்றாக இல்லை என்பதுதான்.

ஃபேமில் பாடிய கேண்டி ஸ்டேட்டன் மறக்கப்பட்டவர் என்று சொல்ல முடியாது. 70களின் டிஸ்கோ ஹிட் ஒன்றால் பெயர் தெரியும். ஆனால் அதற்கு முந்தைய தென்மாநிலப் பாட்டுகள் அந்த டிஸ்கோவுக்கு அடியில் புதைந்துவிட்டன. லண்டனின் ஆனஸ்ட் ஜான்ஸ் 2004-இல் அவற்றைத் தொகுத்தது. அதற்குக் கிடைத்த வரவேற்பில், காஸ்பலுக்குப் போயிருந்தவர் 2006-இல் ‘ஹிஸ் ஹேண்ட்ஸ்’ என்று மீண்டும் சோல் ஆல்பமே பாடினார். அதே ஆனஸ்ட் ஜான்ஸ், 2004-இலேயே, வில்லி ஹைடவர் என்ற பாடகரின் தொகுப்பும் கொண்டுவந்தது. ஹைடவர் கதை இன்னும் விசேஷம். 2018-இல் ஏஸ் அவருடைய புது ஆல்பம் ஒன்றை வெளியிட்டது. தயாரித்தவர்களில் ஒருவர், தொண்ணூறைத் தாண்டிய அதே க்வின்டன் கிளாஞ்ச்.

ஸ்டாக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே கேட்டிருப்பீர்கள். ஆனால் அங்கேயும் கவனிக்கப்படாமல் போனவர்கள் உண்டு. 1968-இல் தட்டுகளை விநியோகித்த அட்லாண்டிக் கம்பெனியோடு உறவு முறிந்தபோது, ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பிரிவால், அதுவரையிலான மாஸ்டர் டேப்புகள் (அசல் ஒலிப்பதிவுகள்) எல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று ஸ்டாக்ஸுக்குத் தெரியவந்தது. 1959 முதல் 1968 வரையிலான சிங்கிள்கள் ஒன்பது சி.டி. பெட்டியாக 1991-இல் அட்லாண்டிக்கிலிருந்தும், அதற்குப் பிந்தையவை இரண்டு பெட்டிகளாக 1993, 1994-இல் வேறு கம்பெனியிலிருந்தும் வந்ததற்குக் காரணம் அதுதான். முதல் பெட்டியில் ரூபி ஜான்ஸனின் ‘ஐ’ல் ரன் யுவர் ஹர்ட் அவே’ பாட்டைத் தேடிக் கேளுங்கள். 1966, ஐஸக் ஹேய்ஸும் டேவிட் போர்ட்டரும் எழுதியது. சோல் பாடகர் என்றாலே பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பாடி வந்தவர் என்று நினைப்போம். இவர் கறுப்பின யூத வழிபாட்டுச் சபையின் பாடற்குழுவில் பாடி வளர்ந்தவர். கடைசியில் குரல் உடைந்து மேலே போகும் இடத்தை எத்தனை முறை கேட்டாலும் சலிக்காது. ஸ்டாக்ஸில் மூன்று சிங்கிள் மட்டும். 70களில் பாட்டை விட்டுவிட்டு அரசு வேலைக்குப் போய்விட்டார். 1993-இல் அவர் பெயரில் சி.டி. போட்டபோது பெரும்பகுதி அதுவரை யாரும் கேட்டிராதவை.

2023-இல் வந்த ‘ரிட்டன் இன் தெயர் சோல்’ என்ற ஏழு சி.டி. பெட்டியும் இந்த வகைதான். ஸ்டாக்ஸின் பாடலாசிரியர்கள் மாதிரிக்குப் பாடிய 146 பதிவுகள். ஷெரில் பவெல்ஸ்கி ஆண்டுக்கணக்கில் தோண்டியெடுத்தவை. கிராமி விருதும் வாங்கியது. ஆனால் தொடக்கக்காரருக்கு இது வேண்டாம். அசலைக் கேட்டுப் பழகியவருக்குத்தான் இதில் சுவை.

நாஷ்வில் என்றால் கண்ட்ரி இசை என்று எல்லோரும் நினைப்பதால், அங்கிருந்த கறுப்பின இசை வெளியே தெரியாமலே போனது. 2004-இல் அங்குள்ள கண்ட்ரி இசை அருங்காட்சியகமே ‘நைட் ட்ரெயின் டு நாஷ்வில்’ என்று இரண்டு சி.டி. தொகுப்பு வெளியிட்டது; கிராமி கிடைத்தது. அந்த ஊரில் டபிள்யூ.எல்.ஏ.சி. என்றொரு 50,000 வாட் வானொலி. இரவானால் தெற்கு முழுக்கக் கேட்கும். அதன் அறிவிப்பாளர் ஜான் ரிச்போர்க் வெள்ளைக்காரர். குரலைக் கேட்டுக் கறுப்பினத்தவர் என்றே பலர் நினைத்திருந்தார்கள். சவுண்ட் ஸ்டேஜ் செவன் லேபிளுக்குப் பாட்டுத் தயாரித்ததும் அவரே. அங்கே எலா வாஷிங்டன் என்ற பாடகி பாடிய ‘ஹி கால்ட் மீ பேபி’, ஜோ சைமன் பாடிய ‘தி சோக்கின் கைண்ட்’ இரண்டுமே ஹார்லன் ஹவர்ட் எழுதிய கண்ட்ரி பாட்டுகள். சதர்ன் சோலின் பாதி வேர் தேவாலயத்தில் என்றால் மீதி பாதி கண்ட்ரி வானொலியில். அந்தப் பாதியை மட்டும் தனியாகக் கேட்க ஜெர்மனியின் டிரிகான்ட் கம்பெனி ‘டர்ட்டி லாண்ட்ரி’ என்று ஒரு தொகுப்பு போட்டிருக்கிறது. நல்ல தொகுப்பு.

லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டுக்கு கென்ட்டின் ‘தி மர்கோ ஸ்டோரி’. எடி ஜைல்ஸின் ‘லூஸிங் பாய்’ ஒன்றுக்காகவே வாங்கலாம்.

சிகாகோவின் நியூமரோ குரூப் வெளியிடும் ‘எக்ஸென்ட்ரிக் சோல்’ வரிசையைப் பற்றியும் கேட்பீர்கள். அதில் தெற்கைச் சேர்ந்தவை மயாமியின் டீப் சிட்டி, அட்லாண்டாவின் டிராகர், நோட் லேபிள்கள். டீப் சிட்டியை நடத்தியவர்கள் ஜானி பியர்ஸால், வில்லி கிளார்க் இருவரும். ஒருவர் மயாமியின் லிபர்ட்டி சிட்டியில் ரெக்கார்டு கடைக்காரர், மற்றவர் பள்ளி ஆசிரியர். ஒரே கல்லூரியில் படித்தவர்கள், அந்தக் கல்லூரியின் அணிவகுப்பு வாத்தியக் குழு ஊர் அறிந்தது. தொகுப்பைக் கேட்டால் டிரம்ஸிலும் ஊதுகருவிகளிலும் அந்த அணிவகுப்பின் துள்ளல் தெரியும். ஹெலன் ஸ்மித்தின் மெல்லிய குரல் அதன்மேல் மிதக்கும். பெட்டி ரைட் சிறுமியாக இருந்தபோது பாடியதும் இதில் இருக்கிறது. பின்னால் அவருக்கு ‘கிளீன் அப் வுமன்’ என்ற பெரிய ஹிட்டை எழுதியது இதே கிளார்க்கும் கிளாரன்ஸ் ரீடும்தான். நியூமரோவின் கையேடுகள் அருமையாக இருக்கும், புகைப்படங்களுக்காகவே வாங்குபவர்கள் உண்டு. ஆனால் சில பாகங்களில் கம்பெனியின் கதை பாட்டைவிட நன்றாக இருக்கும். இந்த இரண்டில் அந்தப் பிரச்சினை இல்லை.

ஆல்பமே கிடையாது என்று முதலில் சொன்னதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு: டோரிஸ் ட்யூக்கின் ‘ஐ’ம் எ லூஸர்’. ஸ்வாம்ப் டாக் என்ற ஜெரி வில்லியம்ஸ் தயாரிப்பில் ஜார்ஜியாவின் மேக்கனில் பதிவானது. முதல் பாட்டிலிருந்து கடைசிவரை ஒரே பெண்ணின் தோல்விக் கதைபோல ஓடும். அதிலிருந்து ஒரு சிங்கிள் 1970-இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் ஏழாம் இடம்வரை போனது, ஆனால் வெளியிட்ட கம்பெனி மூழ்கிவிட்டது. கென்ட் 2005-இல் மற்ற பாட்டுகளையும் சேர்த்து மறுபடி வெளியிட்டது.

வாங்கிய பிறகு எப்படிக் கேட்பது என்று ஒரு வார்த்தை. கையேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பிடித்த பாட்டு வந்ததும் பாடியவர் பெயரோடு எழுதியவர் பெயரையும் பதிவான ஸ்டுடியோவையும் பாருங்கள். டேன் பென், ஸ்பூனர் ஓல்டம், ஜார்ஜ் ஜாக்ஸன் என்று நான்கைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அடுத்து எதை வாங்குவது என்று அந்தப் பெயர்களே சொல்லிவிடும். அப்புறம், டேப்பிலிருந்து எடுத்ததா, பழைய தட்டிலிருந்து எடுத்ததா என்று நல்ல கம்பெனிகள் குறிப்பிட்டிருக்கும். தட்டிலிருந்து எடுத்ததாக இருந்தாலும் பரவாயில்லை, வேறு வழியில்லாத இடம் உண்டு. ஆனால் மோனோவா ஸ்டீரியோவா என்று தேர்ந்தெடுக்க முடிந்தால் மோனோ. இந்த 45-கள் ஜூக்பாக்ஸின் ஒற்றை ஸ்பீக்கருக்கும் கார் ரேடியோவுக்கும் கலந்தவை. ஸ்டீரியோவில் பாடகர் ஒரு காதிலும் ஆர்கன் இன்னொரு காதிலுமாகப் பிரிந்துபோவதுண்டு.

ஸ்ட்ரீமிங்கில் கிடைக்காதா என்றால், தனித்தனிப் பாட்டாகப் பல கிடைக்கும். இங்கே பெயர் சொன்ன முக்கியமான பாட்டுகளை முதலில் அப்படியே தேடிக் கேளுங்கள். ஏஸ், கென்ட் தொகுப்புகளில் பல, உரிமைச் சிக்கலால், முழுத் தொகுப்பாக அங்கே இருப்பதில்லை; வரிசையும் கையேடும் வேண்டுமென்றால் சி.டி.தான். பழைய சி.டி. வாங்குவதில் தயக்கம் வேண்டாம். காடினின் முதல் பாகம், ஃபேம் பெட்டி, ஜேம்ஸ் கார் தொகுப்பு, இந்த வரிசையில் போங்கள். டீப் சிட்டியை நடுவில் எங்கே வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாம், காடினின் சோகத்திலிருந்து கொஞ்சம் மூச்சுவிட அது உதவும்.